கண்டீங்களா என்று கேட்டவர்

அந்த மனிதரை ஓர் உளவுக்காரர் என்றுதான் நான் மூன்று கிழமையாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அப்போது சோறு இறங்கவில்லை.

முழுப் பிழையும் என்னுடையது அல்ல. எங்கள் ஊர் முல்லைத்தீவுக்கு மேற்கே, ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே இருக்கிறது. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரை போட்டு, கிணறு இறைத்து, நாலைந்து வருடம் ஆகியிருந்த நேரம். அப்படிப்பட்ட ஊருக்கு முன்பின் தெரியாத ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளில் வருகிறார். தோளில் பை, சட்டைப் பையில் கொப்பி. யாராவது வாயைத் திறந்து எதையாவது சொன்னால் உடனே கேட்கிறார்: “யார் சொன்ன? அவருக்கு யார் சொன்ன? நீங்க கண்டீங்களா?” கேட்டுவிட்டுப் பதிலைக் கொப்பியில் குறிக்கிறார். வன்னியில் இப்படிக் கேட்கிற ஆளுக்கு என்ன உத்தியோகம் என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் சொல்லும்.

போதாக்குறைக்கு, அதற்கு முந்திய கிழமைதான் நான் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரிய மனிதரின் நடையை நடித்துக் காட்டி, கடைக்காரர் உட்பட எல்லோரையும் சிரிக்கவைத்திருந்தேன். எந்தப் பெரிய மனிதர் என்று இப்போதும் எழுதமாட்டேன்.

அவர் வந்த காரணம் யானை வேலி. சூரிய வெளிச்சத்தில் ஓடும் ஒரு பெட்டி, அதிலிருந்து ஊரைச் சுற்றிப் போகும் கம்பி. கம்பியில் மின்சாரம் விட்டுவிட்டு அடிக்கும். தொட்ட யானைக்குச் சுள்ளென்று குத்தும், ஆனால் கொல்லாது. ஏதோ ஒரு திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்திருந்தது. வேலியைப் பராமரிப்பது ஊரின் பொறுப்பு என்பதால், அதை வளர்ந்த ஆட்களுக்குப் பழக்கிவிட இவரை அனுப்பியிருந்தார்கள். முல்லைத்தீவுக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றில் பிறந்தவர். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அங்கே வேலி வேலை பழகி, நாற்பதை நெருங்கும் வயதில் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். முஸ்லிம் ஆள் என்பதால், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லோரும் நானா என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எதையும் அவர் சொல்கேட்டு நம்பமாட்டார். கதிரையில் உட்காருமுன் அதைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் காட்டுகிற முள் நன்றாகவே வேலை செய்தது, ஆனாலும் மூடியைத் திறந்து, வண்டியைக் குலுக்கி, காதை வைத்துக் கேட்பார். “சீனி போட்டாச்சு நானா” என்று தேத்தண்ணி கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் குடிப்பார். இதெல்லாம் எனக்கு அப்போது எப்படித் தெரிந்தது? பயிற்சி பெற்ற ஆள் என்று தெரிந்தது.

முதல் வகுப்பு பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. பதினைந்து பேர் போயிருந்தோம். நான் போனதற்கு வேலி காரணமல்ல. போகாமல் விட்டால் பெயரைக் குறித்துவிடுவார் என்ற பயம். நானா ஒரு வெறும் சீமெந்துப் பையைக் கிழித்து விரித்துச் சுவரில் ஒட்டினார். அதில் மூன்று கோடு கீறி, மேலே ‘கண்டது’, ‘கேட்டது’, ‘நினைத்தது’ என்று எழுதினார்.

“யானையைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லுங்க. எப்பிடித் தெரியும் எண்டும் சொல்லுங்க.”

சனம் கொட்டியது. யானை சிவப்புச் சீலையைக் கண்டால் வெருளும். யானை பெண்பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. பிள்ளையாரை நினைத்துத் தேங்காய் உடைத்தால் திரும்பிப் போகும். மிளகாய்த்தூள் புகை போட்டால் ஒரு மாதத்துக்கு வராது. ஒவ்வொன்றுக்கும் அவர், “கண்டீங்களா?” என்றார். கண்டவர் இல்லை. மாமா கண்டவர், மாமாவின் சிநேகிதர் கண்டவர், பேப்பரில் வந்தது. ‘கேட்டது’ பக்கம் நிரம்பி வழிந்து, பையின் ஓரத்தில் அச்சடித்திருந்த கொம்பனிப் பெயருக்கு மேலாலும் போனது. ‘கண்டது’ பக்கத்தில் நாலே நாலு வரி. அதில் ஒன்று என் மனிசி சொன்னது: “நான் கண்டனான். ஒரு பட்ட மரக்கொப்பைத் தூக்கி வேலிக்கு மேலை போட்டிட்டு, அதிலை மிதிச்சுக்கொண்டு வந்தது. கம்பியிலை படவே இல்லை.” நானா பேனையை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

“எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா.”

“ஒண்டுமே?”

“ஒண்டுமே. நான் ஒண்டையும் காணேல்லை, கேக்கேல்லை. நினைக்கிற பழக்கமும் இல்லை.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கொப்பியில் என் பெயரைக் குறித்தார். என் தலைவிதி எழுதப்படுகிறது என்று நினைத்தேன். அது உண்மைதான், ஆனால் வேறு விதமாக எழுதப்பட்டது.

“பதினைஞ்சு பேரிலே சரியான இடத்திலே நிக்கிற ஆள் இவர் ஒருத்தர்தான்” என்றார் நானா. “தெரியா எண்டு தெரிஞ்சவருக்குத்தான் படிப்பிக்க இலேசு. பெட்டிச் சாவி இவர்கிட்ட இருக்கட்டும்.”

அப்படித்தான் ஊர் வேலிக்கு நான் காவல்காரன் ஆனேன். பயத்தில் சொன்ன பொய்க்குக் கிடைத்த பதவி.

அந்த வகுப்பில் அவருக்குச் சரிசமமாக வாதாடக்கூடியவர் மாஸ்டர் ஒருவர்தான். இளைப்பாறிய ஆசிரியர், கோயிலில் புராணத்துக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்கிறவர், இரண்டு பசுவும் ஒரு நாம்பன் கன்றும் வைத்திருந்தவர். நானா சொன்னதையெல்லாம் முத்து முத்தான எழுத்தில் கொப்பியில் எழுதினார். ஆனால் கம்பிக்குப் பத்தடி கிட்டவும் போகமாட்டார். இரண்டாம் வகுப்பில் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

“நீர் கீறின மூண்டு கோடும் புதுசில்லை, தம்பி. எங்கடை சைவசித்தாந்தத்திலை காண்டல், கருதல், உரை எண்டு அறியிறதுக்கு மூண்டு அளவை இருக்கு. ஆனா நீர் காண்டலைத் தூக்கித் தலையிலை வைச்சிருக்கிறீர். அது பிழை. கண் கயித்தைப் பாம்பெண்டும் சொல்லும். கருதல், புகையைக் கண்டு நெருப்பெண்டு சொல்லும். மூடுபனியைக் கண்டாலும் அதைத்தான் சொல்லும். அறிஞ்ச பெரியவை சொல்லுற உரைதான் தவறாது.”

நாங்கள் கொட்டாவி விடத் தயாரானோம். நானாவோ நிலத்திலேயே சப்பணம் கட்டி இருந்துவிட்டார். “இன்னொருக்காச் சொல்லுங்க மாஸ்டர்” என்று கேட்டு, ஆறுதலாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, “சொன்னவர் அறிஞ்ச பெரியவர் எண்டு எப்பிடித் தெரிஞ்ச?” என்றார்.

“அதுவும் பெரியவை சொன்னதுதான்.”

எல்லோரும் சிரித்தோம். நானா தலையை ஆட்டினார். “சிரிக்க வேணாம். எங்கடயிலும் அப்பிடித்தான். நபி சொன்ன எண்டு ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னா, அவருக்கு யார் சொன்ன, அந்த ஆளுக்கு யார் சொன்ன எண்டு சங்கிலி கேப்பாங்க. சங்கிலியிலே ஒரு ஆள் மறதிக்காரன், பொய்க்காரன் எண்டா, வார்த்தை எவ்வளவு அழகா இருந்தாலும் எடுக்கமாட்டாங்க. உரை கூடாது எண்டு நான் சொல்லல்ல மாஸ்டர். சங்கிலியைக் காட்டுங்க எண்டுதான் சொல்றேன்.”

“அப்ப நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டைத்தானே சொல்லுறம்?”

“எனக்குத் தெரியா” என்றார் நானா. இனிப்பை வாயில் போட்டுக் கரைக்கிற மாதிரி, மெதுவாக, ருசித்துச் சொன்னார். ஒரு வாத்தியார் தனக்குத் தெரியாது என்று சொல்வதை நான் முதல் முறை கேட்டது அன்றுதான். இதுவும் ஏதோ பொறிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை திட்டத்துக்காரர் ஒரு கட்டுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவரும் கண்ணால் படிக்கிறவரா, காதால் படிக்கிறவரா, கையால் படிக்கிறவரா என்று அடையாளமிட வேண்டும். மாஸ்டர் காதில் போட்டார். மனிசி கையில் போட்டாள். நான் மனிசியைப் பார்த்துக் கண்ணில் போட்டு அவளிடம் குட்டு வாங்கினேன்.

நானா படிவங்களை வாங்கி அடுக்கினார். “அவங்க கேட்டதுக்கு அனுப்பத்தான் வேணும். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ஆள் எந்த வகை எண்டு கேக்கிறாங்க. படிக்கிற விஷயம் எந்த வகை எண்டு ஒருத்தரும் கேக்கல்லையே? மாஸ்டர் காதாலே படிக்கிறவர். சரி. கம்பி அடிக்கிற அடியை எந்தக் காதாலே படிக்கிறது?”

எங்களை வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நீளப் புல்லைப் பிடுங்கினார். புல்லின் நுனியைக் கம்பியில் வைத்து, கையை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டு போனார். புல் நீளமாக இருக்கும்போது ஒன்றும் இல்லை. குறுகக் குறுக, விரலில் எறும்பு நடக்கிற மாதிரி, நாடி துடிக்கிற மாதிரி, டிக், டிக் என்று தெரியும். வேலி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற வழி அது. மனிசி ஒரு பேச்சும் இல்லாமல் புல்லை வாங்கி வைத்துப் பார்த்தாள். “நாடி நல்லா இருக்கு” என்றாள். எனக்குப் புல்லைத் தந்தபோது நான் இரண்டு நிமிடம் பகிடி விட்டேன். என் தகனக்கிரியை எத்தனை மணிக்கு, பறை யார் அடிப்பது என்றெல்லாம். நானா பொறுமையாக நின்றார்.

“பயமா இருந்தா நீங்க கூடப் பேசுறீங்க தம்பி. பேசி முடிங்க, பிறகு தொடுங்க.”

மாஸ்டர் புல்லையும் தொடவில்லை. நாடி நன்றாக இருப்பதாகக் கேட்டதை எழுதிக்கொண்டார்.

அன்று பின்னேரம் அவரைத் தேத்தண்ணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டேன். தப்ப முடியாதவனிடம் நல்ல பெயராவது எடுக்கலாமே என்ற எண்ணம். ஆனால் என் மனிசிக்கு இராசதந்திரம் தெரியாது. தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: “நானா, நீங்கள் சீஐடியோ? இவர் மூண்டு கிழமையாச் சாப்பிடுறாரில்லை.”

எனக்கு உயிர் போய் வந்தது. நானா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சட்டையில் ஊற்றுப்பட்டது.

“தங்கச்சி, அந்த ஆக்கள் பதிலைத் தெரிஞ்சுகொண்டுதான் கேள்வி கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியா. அதாலே கேக்கிறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நான் உளவு எண்டு எப்பிடித் தெரிஞ்ச? கண்டதா, கேட்டதா, நினைச்சதா?”

“நினைச்சது” என்றேன். அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

உண்மையாகவே ஆர்வம் வந்தது அதற்குப் பிறகுதான். ஏன் இந்த மனிதர் ஒன்றையும் நேரே சொல்லித்தருவதில்லை? ஒருநாள் கேட்டேவிட்டேன். அப்போது அவர் என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாதி வீட்டுத்திட்டக் கல், பாதி பழைய தகரம்.

“சின்னப்பிள்ளைக்குப் படிப்பிக்கிறது வெறுங்காணியிலே வீடு கட்டிற மாதிரி. அத்திவாரத்திலே இருந்து தொடங்கலாம். பெரிய ஆளுக்குப் படிப்பிக்கிறது, சனம் குடியிருக்கிற வீட்டைத் திருத்திற மாதிரி. ஒரு சுவரை நான் இடிச்சா உங்கட கூரை விழும், உங்களுக்குக் கோவம் வரும். எந்தச் சுவர் உக்கிப்போயிருக்கு எண்டு நீங்களே தட்டிப் பாத்து, நீங்களே இடிக்கணும். நான் தட்டச் சொல்லத்தான் வந்திருக்கேன்.”

எல்லாச் சுவரையும் அவர் தட்டியதில்லை. ஊரில் ஒரு செத்தவீடு. நானாவும் வந்து பந்தலில் இருந்தார். கட்டிலில் ஏழு மாதம் கிடந்து செத்தவருடைய மகள், “ஐயா ஒரு கஷ்டமும் படாமல் போயிட்டார்” என்று வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நானாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. திரும்பி வரும்போது, “ஏன் நானா கேக்கேல்லை?” என்று சீண்டினேன்.

“அது தெரியிறதுக்காகச் சொல்ற வார்த்தை இல்லே தம்பி. தாங்கிறதுக்காகச் சொல்றது. அதுக்குச் சங்கிலி கேக்கப்படாது.”

கடைசி வகுப்பில் நான்தான் அந்தக் கேள்வியைப் போட்டேன். வழக்கம்போல விளையாட்டுக்கு. “நானா, இந்தப் பெட்டி பழுதாப் போனால், வீட்டுக் கரண்டைக் கொழுவிவிட்டால் என்ன? யானை பொரியலாகி விழும்.”

அவருடைய முகம் மாறியதை அன்றுதான் கண்டேன். எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த சீமெந்துப் பையில் ‘கேட்டது’ பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதினார்: வீட்டுக் கரண்ட் வேலிக்குக் கூடாது.

“இது ஒண்டை மட்டும் என் சொல்லைக் கேட்டு வச்சுக்கொள்ளுங்க. கண்ணாலேயும் வேணாம், கையாலேயும் வேணாம். சில விஷயத்தைக் கையாலே படிச்சவன் பிறகு சொல்ல வரமாட்டான்.”

மனிசி பின்வரிசையிலிருந்து கேட்டாள்: “நானா கண்டனீங்களோ?”

அவருடைய கேள்வியை அவரிடமே யாரும் அதுவரை கேட்டதில்லை.

“ஓம் தங்கச்சி. கண்டேன்.” சீமெந்துப் பையைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டத் தொடங்கினார். மாஸ்டருக்குத் தன் கட்சி வென்றுவிட்ட சந்தோசம். உரைதான் கடைசியில் மிஞ்சியது என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் பெரும்போகம் வெள்ளத்தில் அழிந்துபோயிற்று. வெள்ளம் குளக்கட்டையும் உடைத்ததில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைவு என்பதால் வயலைப் பங்கு போட்டார்கள். எனக்கு ஒன்றரை ஏக்கர் கிடைத்தது. அடுத்த போகம் வரைக்கும் வீட்டுச் சோறு அந்த ஒன்றரை ஏக்கரில்தான் நின்றது. ஆவணியில் கதிர் பழுத்து, இன்னும் நாலைந்து நாளில் வெட்டலாம் என்ற நிலை. நானா, உம்மாவுக்குச் சுகமில்லை என்று புத்தளம் போயிருந்தார்.

பின்னேரம் நாலு மணி இருக்கும். மனிசி வேலியடியிலிருந்து ஓடி வந்தாள்.

“இஞ்சேருங்கோ! வேலி செத்துப்போச்சு! புல்லு வைச்சுப் பாத்தனான், நாடியே இல்லை!”

“சும்மா கத்தாதை. பெட்டியிலை லைற் மினுங்குது. லைற் மினுங்கினால் கரண்ட் ஓடுது எண்டுதானே அர்த்தம்?”

“பெட்டியைக் கேக்காதேங்கோ, வேலியைக் கேளுங்கோ!”

குளக்கட்டுக்கு அப்பால் பார்த்தேன். பாலை மரங்களுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் முதுகுகள். ஒன்று, இரண்டு, ஐந்து. காற்று எங்கள் பக்கமிருந்து அங்கே வீசியது. பழுத்த நெல்லின் மணம் அவைகளுக்கு நன்றாகவே எட்டியிருக்கும்.

அந்த நேரத்தில் என் மூளை செய்த வேலையை எழுத வெட்கமாக இருக்கிறது. நானா சொல்லித்தந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. செய்யவேண்டாம் என்ற ஒன்று மட்டும் வந்தது. வேலி எங்கள் வளவின் பின்பக்கத்தால் போய், பற்றையைச் சுற்றி வயலுக்குத் திரும்புகிறது. வீட்டில் கிடந்த நீள வயரை இழுத்துக்கொண்டு போய் அதன் ஒரு முனையை வேலிக் கம்பியில் சுற்றினேன். மற்ற முனையோடு குசினிக்குள் வந்து, சுவரில் இருந்த மின்துளைக்கு முன்னால் நின்றேன். மனிசி என்னைக் காணாமல் தகரம் தட்ட வயலுக்கு ஓடியிருந்தாள்.

பிழை செய்யப் போகிறவனுக்கு, சரி என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்படுகிறது. நான் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

“நானா, யானை நிக்குது.”

“கண்டீங்களா?”

“கண்டனான். அஞ்சு. வேலி செத்திட்டுது. மனிசி புல்லு வைச்சுப் பாத்தவா. நானா… நான் வீட்டுக் கரண்டைக் கொழுவப் போறன். ஒரு மணித்தியாலம்தான். யானை போனவுடனை கழட்டிவிடுவன். சத்தியமா.”

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. குரல் மிகவும் தணிந்திருந்தது.

“வேலிக்கு அங்காலே யார் நிக்கிறாங்க?”

“ஒருத்தரும் இல்லை.”

“கண்டீங்களா?”

“யானை நிக்கேக்கை ஆர் நானா அங்கை நிப்பான்?”

“யார் சொன்ன, ஒருத்தரும் இல்லே எண்டு?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நினைச்சனான்.”

“போய்ப் பாருங்க தம்பி. கையிலே இருக்கிறதைக் கீழே வச்சிட்டுப் போங்க. போனை வைக்க வேணாம். பாத்திட்டு வந்து சொல்லுங்க, நான் இருக்கேன்.”

வயரை நிலத்தில் வைத்தேன். போனை நிறுத்தாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பற்றையைச் சுற்றிப் போனேன்.

மாஸ்டர் நின்றார். காட்டுப் பக்கத்தில். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, ஒரு கையில் நாம்பன் கன்றின் கயிறு. மற்றக் கையால் வேலியின் கீழ்க் கம்பியை இறுகப் பிடித்து அமத்திக்கொண்டு, ஒரு காலைத் தூக்கித் தாண்டிக்கொண்டிருந்தார். புல்லைக்கூடத் தொடாத மனிதர்.

“மாஸ்டர்! என்ன செய்யிறியள்?”

“நாம்பன் கண்டு கயித்தை அறுத்துக்கொண்டு வந்திட்டுது. ஒருக்காக் கையைத் தாரும்.”

“கம்பியைப் பிடிச்சிருக்கிறியள்!”

“அதுதான் செத்துப்போச்சே. உம்மடை மனிசி கத்தினது றோட்டு மட்டும் கேட்டுது. அந்தப் பிள்ளை பாக்காமல் சொல்லாது.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. சங்கிலி சரி, சொன்ன ஆள் சரி, செய்தியும் சரி. ஊரில் அந்த நேரம் பிழையாக இருந்தது ஒரு தலைதான். அந்தத் தலையோடு போய் அவருக்குக் கை கொடுத்தேன். நான் அவருடைய கையை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்து, “யானைக்கு இவ்வளவு பயமோ?” என்று கேட்டார். ஒரு பகிடியும் வரவில்லை.

கம்பியில் சுற்றிய வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போனைக் காதில் வைத்தேன். “நானா… மாஸ்டர்.”

“எங்கே?”

“கம்பியிலை நிண்டவர். இப்ப இஞ்சாலை வந்திட்டார்.”

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “பூமிக்கம்பிக்குத் தண்ணி ஊத்திறீங்களா?” என்றார்.

இது என் வேலை. பெட்டியிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. யானையைத் தொட்ட மின்சாரம் மண்வழியாக அந்தக் கம்பிக்குத் திரும்பி வந்தால்தான் அடி விழும். கோடையில் மண் காய்ந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை, அதனால் ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். சாவி வைத்திருப்பவன் ஊற்ற வேண்டும்.

“பதினைஞ்சு நாளா ஊத்தேல்லை நானா. லைற் மினுங்கினதாலை…”

“சரி. இப்ப ஊத்துங்க.”

கிணற்றிலிருந்து நான் அள்ள, மனிசி சுமக்க, மாஸ்டர் மடித்துக் கட்டிய சாரத்தோடு அவளுக்குப் பின்னால் வாளி தூக்கினார். முப்பது வாளிக்கு மேல் இருக்கும். மண் குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மனிசி புல்லை வைத்தாள். கையை இன்னும் கிட்டக் கொண்டு போனாள். “வருது” என்றாள். மாஸ்டர் அந்தப் புல்லை அவளிடமிருந்து தானே கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். “ஆ!” என்று ஒரு சத்தம். பிறகு வெட்கத்தோடு ஒரு சிரிப்பு.

நானா மூன்றாம் நாள் வந்தார். வயல் எப்படி என்று கேட்கவில்லை. நேரே குசினிக்குள் போனார். நிலத்தில் கிடந்த வயரை எடுத்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மெதுவாகச் சுற்றினார்.

“புத்தளத்திலே எங்கட பக்கத்துத் தோட்டக்காரன் ஒருத்தன் வேலிக்கு வீட்டுக் கரண்ட் கொழுவியிருந்தான்” என்றார். “எண்ட தம்பி அந்த வேலியாலே ஆடு பிடிக்கப் போகணும். கரண்ட் நிப்பாட்டியாச்சா எண்டு என்கிட்ட கேட்டான். நிப்பாட்டியாச்சு எண்டு சொன்னேன். எனக்கு வேற ஒருத்தர் சொல்லியிருந்தார். அவருக்கு யார் சொன்ன எண்டு நான் கேக்கல்ல.”

வயர்ச் சுருளை என் கையில் தந்துவிட்டு, கதிரையை ஆட்டிப் பார்த்து இருந்தார். மனிசி தேத்தண்ணி வைக்கப் போனாள். நான் இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு பூமிக்கம்பியடிக்குப் போனேன்.

யானைகள், நாங்கள் வாளி சுமந்த அன்றே, பொழுதுபடும் நேரத்தில் வந்தன. மூன்று யானை கம்பியில் தும்பிக்கையை வைத்துப் பிளிறித் திரும்பின. இரண்டு கிழக்கு மூலையில் ஒரு கட்டையைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து, அரை ஏக்கரைத் தின்றும் மிதித்தும் முடித்தன. மிச்ச ஒரு ஏக்கரை மாஸ்டரும் சேர்ந்து இரண்டு நாளில் வெட்டினோம். இருபத்திரண்டு மூட்டை வந்தது. மாசி வரைக்கும் வீட்டில் சோறு இருந்தது.